நீல நூற்பந்தும் பூசணித் தொப்பியும்

எமது கல்லூரியில் தையல் பாடத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் நாம் பழகிய வேலைகளுள் ஊருக்குச் சற்றும் பொருந்தாதது கம்பளிப் பின்னல்தான். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், வியர்த்த விரல்களில் நூல் ஒட்ட ஒட்ட, குழந்தைகளுக்கு மேஸ் பின்னுவோம். அதைப் போட எந்தக் குழந்தைக்கும் அங்கே குளிரவில்லை. 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய நாள்தொட்டு ஊசியும் நூலும் யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியோடு ஒட்டியே வந்தவை. அதனால் ஏனென்று நாமும் கேட்கவில்லை, ரீச்சரும் சொல்லவில்லை.

அந்தப் பின்னல் நாற்பது வருடங்கள் கழித்து ரொறன்ரோவில் கைகொடுத்தது. மகள் வீட்டில் நின்றபோது எட்டு வயதுப் பேத்தி வந்து, "அம்மம்மா, ஹலோவீனுக்கு எனக்குப் பூசணிக்காய்த் தொப்பி ஒண்டு பின்னித் தாறீங்களோ?" என்று கேட்டாள். பேய்க்கென்று ஒரு நாளா என்று முதலில் முகம் சுளித்தேன். பிறகு செம்மஞ்சள் நூல் வாங்கி வந்து பின்னத் தொடங்கினேன். பின்னும்போது எழுந்த சந்தேகங்களைத் தீர்க்கப் படித்ததில், இந்த இரவுக்கும் நூலுக்கும் உள்ள உறவு பூசணிக்காயின் உறவைவிடப் பழையது என்று தெரிந்தது. ஐப்பசி பிறந்ததும் வெளிநாடுகளில் பேரப்பிள்ளைகளுக்காக ஊசி எடுக்கும் எம் தோழியர் பலர் இருப்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்ற்றிய மக்களுக்கு நவம்பர் முதலாந் திகதியோடு குளிர்காலம் பிறக்கும். அதற்கு முந்திய இரவில் இறந்தோரின் உலகத்துக்கும் இருப்போரின் உலகத்துக்கும் இடையிலுள்ள கதவு திறக்கும் என்று நம்பினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டளவில் மேற்குத் திருச்சபையில் அனைத்துப் புனிதர் திருநாளும் அதே நவம்பர் முதலாந் திகதியில் நிலைபெற்றது. அத்திருநாளுக்கு முந்திய இரவு என்பதே ஹலோவீன் என்ற பெயரின் பொருள்.

நூல் எங்கே வருகிறது என்பதை ஸ்கொட்லாந்துக் கவிஞர் றொபேட் பேர்ண்ஸ் எழுதி வைத்திருக்கிறார். 1785இல் அவர் இயற்றிய 'ஹலோவீன்' என்ற நீண்ட கவிதையில் எயார்ஷயர்க் கிராமத்து இளையோர் அன்றிரவு பார்க்கும் குறிகள் வரிசையாக வருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கோவாச் செடி பிடுங்குவார்கள், நெருப்பில் இரண்டு கொட்டைகளை அருகருகே போட்டு அவை சேர்ந்து எரிகின்றனவா, வெடித்துப் பிரிகின்றனவா என்று பார்ப்பார்கள். எல்லாம் தமக்கு வாய்க்கப்போகும் துணை யார் என்று அறியத்தான். அவற்றுள் ஒன்று நீல நூற்பந்துக் குறி. தானியம் உலர்த்தும் சூளைக்கு ஒரு பெண் இருட்டிலே தனியாகப் போகவேண்டும். நீலக் கம்பளி நூற்பந்தின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தைச் சூளைக் குழிக்குள் எறியவேண்டும். பிறகு நூலை இழுத்து இழுத்துப் புதுப் பந்தாகச் சுற்றிவர, முடியும் தறுவாயில் யாரோ மறுநுனியைப் பிடிப்பார்கள். "யார் பிடிக்கிறது?" என்று கேட்டால், வருங்காலக் கணவனின் முழுப் பெயரும் குழிக்குள்ளிருந்து பதிலாக வரும். இம்முறையைப் பேர்ண்ஸ் தம் கவிதைக்குத் தாமே எழுதிய குறிப்பில் விளக்கியிருக்கிறார்.

கவிதையில் மெரன் என்ற பெண் இதைச் செய்கிறாள். அவள் மனதில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். சுற்றுகிறாள், வியர்க்கிறது, நூல் இறுகுகிறது. பிடித்தது பிசாசோ, குழியிலுள்ள மரக்கட்டையோ, அல்லது அவனேதானோ என்று அறிய நில்லாமல் ஓடிவிடுகிறாள். கவிஞர் இதைச் சிரிப்பாகச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வாழ்வைப் பற்றி அவள் கேட்கக்கூடிய ஒரேயொரு கேள்வி அது. அதையும் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அக்கவிதை 1786இல் கில்மார்னொக் என்ற ஊரில் அச்சிட்ட நூலில் வெளிவந்தது. கையால் பின்னி, வெந்நீரில் கசக்கி இறுக்கி, நீலச் சாயம் ஏற்றிய கம்பளித் தொப்பிகளுக்குப் பேர்போன ஊர் அது. அத்தொழிலை நடத்தியவர்கள் சங்கம் அமைத்த ஆண்கள் என்பதை, பின்னல் பெண்களுக்கே உரியது என்போருக்குச் சொல்லி வைக்கிறேன்.

பூசணிக்காய் வந்தது பிற்பாடு. அயர்லாந்தில் அன்றிரவு விளக்குச் செய்யக் குடைந்தது ரேணிப் கிழங்கை. மாயோ மாவட்டத்திலுள்ள தேசிய கிராம வாழ்க்கை நூதனசாலையில் அப்படியொரு பேய்முகக் கிழங்கின் சாந்து வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய தோலும் பல்லுமாக அது உண்மையிலேயே பயமுறுத்தும். பூசணிக்காயின் சிரிப்பு அதற்கில்லை. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் கடல் கடந்தார்கள். போன இடத்தில் பூசணி மலிவாக விளைந்தது, குடைவதற்கும் இலகுவாக இருந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் கையில் அகப்பட்டதை வைத்துத் தம் வழக்கத்தைக் காப்பாற்றிய கதை இது. இதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் ஒரு பாட்டோ கவியோ சொன்ன பின்னரே தின்பண்டம் பெறுவார்கள். வட அமெரிக்காவில் அது, தராவிட்டால் குறும்பு செய்வோம் என்ற மிரட்டலாக மாறியது. இதற்கான ஆரம்பகாலச் சான்றுகளுள் ஒன்று 1927இல் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பத்திரிகைச் செய்தி. பாடிப் பெறுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 1942 முதல் 1947 வரை சீனி பங்கீட்டில் இருந்ததால் இனிப்பு வாங்கும் வழக்கம் ஒடுங்கியது. அக்காலத்தில் பெண்களின் ஊசிகள் படைவீரருக்கு மேஸும் கம்பளிச் சட்டையும் பின்னின. 1941 நவம்பரில் 'லைஃப்' சஞ்சிகை பின்னக் கற்பதையே அட்டைப்படச் செய்தியாக்கியது.

இனி, என்ன பின்னலாம்? கனடாவில் ஒக்ரோபர் கடைசி இரவு பிள்ளைகள் வேட உடைக்கு மேல் குளிர்ச் சட்டை போடவேண்டி வரும். ஆகவே முழு உடை பின்னி மினைக்கெடாதீர்கள். தொப்பியும் கையுறையுமே வெளியே தெரியும். பூசணித் தொப்பிக்கு ஆறு கண்ணி நேராகவும் இரண்டு கண்ணி மறுபுறமாகவும் மாறி மாறிப் பின்னினால் காயின் வரிப்பள்ளங்கள் தாமாக விழும். உச்சியில் பச்சைக் காம்புக்கு இரண்டு ஊசியில் மூன்று கண்ணி போட்டு, வரி முடிந்ததும் திருப்பாமல் கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளிப் பின்னிக்கொண்டே போனால் உருண்டைக் கயிறு வரும். இங்கிலாந்தில் 1910இல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எலிசபெத் சிம்மர்மன் பரப்பிய முறை இது. அவ்வளவு சுலபமென்பதால் 'மடையர் கயிறு' என்ற கருத்தில் அதற்குப் பெயர். வௌவாலும் கறுப்புப் பூனையும் வேண்டுமானால் ஷெற்லாந்துப் பக்கத்துப் பெயார் ஐல் தீவாரின் இருநிறப் பின்னல் இருக்கிறது. 1922இல் வேல்ஸ் இளவரசர் கொல்ஃப் மைதானத்தில் அணிந்து உலகெங்கும் பரவிய பாணி அது. மெழுகுதிரி விளக்குகளுக்குப் பக்கத்தில் போகிற பிள்ளைக்கு அசல் கம்பளியே நல்லது. அது இலேசில் பற்றாது. அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். என் தெரிவு ரேணிப் தொப்பிதான், அடியில் வெள்ளை, மேலே ஊதா. பேத்தி சம்மதிக்கவில்லை.

எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் சோதனைக்கு மூன்று மாதம் இருக்கையில் கலியாணத்துக்காக நிறுத்தப்பட்டாள். மாப்பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தாள். பாதி பின்னிய மேஸ் ஒன்று ஊசியோடு மேசையில் கிடந்தது. ரீச்சர் அதைக் கழற்றி நூலைச் சுற்றி அலுமாரியில் வைத்தா. அவள் இப்போது லண்டனில் இருக்கிறாள். நீல நூற்பந்துக் கதையைத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. "நான் கேட்டிருந்தாலும் ஆரடி பதில் சொல்லியிருப்பினம்?" என்றாள். பிறகு, தன் பேரனுக்குப் பூசணித் தொப்பி பின்ன எத்தனை கண்ணி போடவேண்டும் என்று கேட்டாள்.

எட்டு வயதென்றால் 88 என்றேன்.