மருந்துச் செலவும் வாவியின் இரு கரைகளும்

அரசாங்கம் மருந்துச் செலவைக் குறைக்கிறது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், பழைய பத்திரிகைக்காரனாகிய எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு: குறைந்த அந்தச் செலவை இனி யார் ஏற்பது?

இலங்கையில் இக்கேள்விக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1971 இல் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் அளித்த அறிக்கையை அடுத்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. ஏறத்தாழ 2,100 மருந்துகளைக் கொண்ட பட்டியல் சுமார் 600 ஆகச் சுருங்கியது. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட நிலையை மாற்றி, உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மலிவாக வாங்கினார்கள். நோயாளிக்கு எதுவும் குறையாமல் நாட்டின் செலவைக் குறைப்பதே பிபிலேயின் நோக்கம்.

எதிர்பாராத விளைவு 1974 இல் வந்தது. வாந்திபேதி பரவிய வேளையில், கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கிய டெட்ராசைக்கிளின் மூலப்பொருளை மருந்தாக்கித் தர பைசர் நிறுவனம் மறுத்தது. மருந்தை அதிக விலைக்கு விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. வாங்கும் அதிகாரம் அரசிடம் இருந்தது. ஆக்கும் இயந்திரம் கம்பனியிடம் இருந்தது. அரசுக்கென மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் அமைந்தது 1987 இல்தான்.

2022 இல் கண்டது வேறு வகைச் சுருக்கம். டொலர் இல்லாமல் இறக்குமதி தடைப்பட்டது. மார்ச் இறுதியில் பேராதனை வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. இங்கே தேர்வு இல்லை. இல்லாமை மட்டுமே இருந்தது.

அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். இருப்பு இல்லையேல், வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தருவார்கள். மட்டக்களப்பில் அந்தத் துண்டின் பாரம் இரு கரைக்கும் ஒன்றல்ல. நகரும் பெரிய வைத்தியசாலையும் எழுவான்கரைப் பக்கம். வயலையும் மாட்டையும் நம்பிய ஊர்கள் படுவான்கரையில். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே பாதையில் ஏறியே வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்தபின்னும் பஸ் காசு, ஒருநாள் கூலி, கடைவிலை மூன்றும் நோயாளியின் தலையில்தான். காசு போதாதவர் பிரஷர் குளிசையைப் பாதியாக உடைத்துப் போடுவார். பாரிசவாதம் வந்தால் அவரை வாட்டில் வைத்துப் பார்க்கும் செலவு மீண்டும் அரசினுடையதே.

செலவைக் குறைப்பது குற்றமன்று. பிபிலே குறைத்தது வீண் செலவை. வைத்தியசாலை அலுமாரி வெறுமையாவதால் மிஞ்சும் பணத்தைச் சேமிப்பு என்று கணக்கெழுத முடியாது. கொழும்பின் ஏட்டிலிருந்து படுவான்கரைக் குடும்பத்தின் கடன் கொப்பிக்கு மாற்றப்பட்ட தொகை அது.