மூன்று தேர்தல்களும் ஓர் எல்லைக்கோடும்
(பார்பரா ஜோர்டன் வரலாற்றிலிருந்து ஓர் ஆய்வு)

நாவன்மை உடையார் அரசியற் களத்தில் வெல்வர் என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. மேடைப் பேச்சின் வலிமையால் ஆட்சி மாறக் கண்ட மக்களுக்கு இந்நம்பிக்கை இயல்பானதே. ஆயினும், ஈடற்ற சொல்வன்மை வாய்த்த ஒருவர், ஒரே ஊரில், ஒரே கொள்கையை முன்வைத்து இருமுறை தோற்று மூன்றாம் முறை வென்றார் எனில், அந்த இடைவெளியில் மாறியது எது என்னும் வினா எழுகின்றது. அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்து வழக்கறிஞர் பார்பரா ஜோர்டன் அம்மையார் 1962, 1964, 1966 ஆகிய ஆண்டுகளில் நின்ற மூன்று தேர்தல்கள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன. சொல்லைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்ட நம் வட்டத்தார் இதனை அறிந்திருத்தல் நன்று.

பூட்டிய கதவுகள்

அக்காலத்து டெக்சாசில் ஜனநாயகக் கட்சியே ஏறத்தாழத் தனியாட்சி செய்தது. எனவே, அக்கட்சி தன் வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலே உண்மைத் தேர்தலாக விளங்கியது. நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் பெரும்பாலும் சடங்கு. இதனை நன்கறிந்த மாநில ஆட்சியாளர் 1923-இல் ஒரு சட்டம் இயற்றி, கறுப்பினத்தவர் அம்முதனிலைத் தேர்தலில் வாக்களித்தலைத் தடுத்தனர். அச்சட்டம் 1927-இல் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. தடையோ சட்டத்திலிருந்து கட்சி விதிக்கு இடம் மாறி உயிர் வாழ்ந்தது. 1944-இல் லோனி ஸ்மித் என்னும் ஹூஸ்டன் பல் மருத்துவர் தொடுத்த வழக்கில், தர்குட் மார்ஷல் வாதாட, உச்ச நீதிமன்றம் அத்தடையை முற்றாக நீக்கியது. அப்பொழுது பார்பராவுக்கு வயது எட்டு.

ஒரு கதவு திறந்தது. மற்றொன்று பூட்டியே கிடந்தது. வாக்களிக்க விரும்புவோர் தலைவரி செலுத்த வேண்டும். தேர்தலுக்குப் பல திங்கள் முன்னதாக, ஜனவரி 31-க்குள் அதனைக் கட்டி முடித்தல் வேண்டும். தொகை இரண்டு டாலருக்கும் குறைவுதான். ஆயினும் நாட்கூலி பெற்று வாழும் குடும்பத்தில், எவர் நிற்கிறார் என்றே தெரியாத மே மாதத் தேர்தலுக்காகத் தை பிறந்தவுடன் பணம் எடுத்து வைப்போர் எத்தனை பேர் இருத்தல் இயலும்? தடை தொகையில் மட்டுமன்று, காலத்திலும் அமைந்திருந்தது.

குரலும் காரணமும்

பார்பரா ஜோர்டன் 1936 பிப்ரவரி 21 அன்று ஹூஸ்டனில் பிறந்தார். ஐந்தாம் வட்டம் எனப்படும் கறுப்பினத்தவர் பகுதியில் வளர்ந்தார். தந்தையார் கிடங்கு ஒன்றில் எழுத்தர். பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகருமாவார். சொல்லைத் திருத்தமாக ஒலித்தல் அவ்வீட்டின் ஒழுக்கம். பள்ளி நாளில், எடித் சாம்ப்சன் என்னும் சிகாகோ நகரத்துக் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் வந்து பேசக் கேட்ட சிறுமி, தாமும் வழக்கறிஞர் ஆவதென உறுதி பூண்டார்.

வெள்ளையர் பயிலும் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவரைச் சேர்க்க மனமின்றி மாநிலம் தனியே நிறுவிய டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்குச் சொற்போர்க் குழுவில் புகழ் ஈட்டினார். பின்னர்ப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1959-இல் பட்டம் பெற்றார். அங்கு அவர் கற்ற பாடம் கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓசை நயத்தால் அவையை ஈர்த்துவிடுதல் காரணம் காட்டி நிறுவுதலாகாது என்று அங்குத்தான் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் கூறியுள்ளார். குரல் பிறவியில் வந்தது. காரணம் உழைப்பில் வந்தது.

ஊர் திரும்பியவர் பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கி வழக்கறிஞர் தொழில் தொடங்கினார். 1960-இல் கென்னடி, ஜான்சன் ஆகியோருக்காக நடந்த தேர்தற்பணியில் உறைகளில் தாள் மடித்து வைக்கும் தொண்டராகச் சேர்ந்தார். ஒருநாள் தேவாலயக் கூட்டம் ஒன்றுக்குப் பேச்சாளர் வாராமற்போக, அவ்விடத்தில் இவர் பேசினார். அன்று தொடங்கி உறை மடிக்கும் வேலை அவருக்கு இல்லாமற்போயிற்று. கறுப்பினத்தவர் பகுதிகளில் தெருத்தோறும் ஆள் அமர்த்தி வாக்காளரைச் சாவடிக்கு அழைத்துச் செல்லும் பணியை அவர் திட்டமிட்டு நடத்தினார்.

இரு தோல்விகள்

1962-இல் மாநிலச் சட்டமன்றக் கீழவைக்கு நின்றார். வேட்புமனுக் கட்டணம் 500 டாலர். அதனையும் கடனாகப் பெற்றே கட்டினார். எதிர்த்து நின்றவர் வில்லிஸ் வாட்லி. பேசிய இடமெல்லாம் கைதட்டல் எழுந்தது. முடிவில் வாட்லிக்கு ஏறத்தாழ 65,000 வாக்குகள். ஜோர்டனுக்கு ஏறத்தாழ 46,000. மீண்டும் 1964-இல் அதே வாட்லியை எதிர்த்து நின்றார். இம்முறை எதிரி பதவியில் இருக்கும் உறுப்பினர். ஜோர்டனின் வாக்குகள் கூடின, வெற்றி கூடவில்லை.

தோல்விக்குக் காரணம் தேடியவர்கள் அவரிடமே குறை கண்டனர். கறுப்பினத்தவர், பெண், பருத்த உடலினர் என்னும் மூன்றும் ஒருவரிடத்தே சேர்ந்தால் வெல்லுதல் அரிது என்று நலம் நாடுவோரே எடுத்துரைத்தனர். ஊரை விட்டு வேறு மாநிலம் சென்றாலென்ன என்னும் எண்ணம் அவருக்கும் எழுந்ததுண்டு. ஆயினும் அவர் ஊரிலேயே நின்று, மாவட்டத் தலைமை நிர்வாகியிடம் உதவியாளராகப் பணி ஏற்று, தோல்வியின் கணக்கை ஆராயலானார்.

கணக்கு தெளிவானது. ஹாரிஸ் மாவட்டம் கீழவைக்கு 12 உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. அப்பன்னிருவரும் தனித்தனித் தொகுதிகளுக்கு உரியவரல்லர். ஒவ்வோர் இடத்துக்கும் மாவட்டம் முழுவதும் வாக்களித்தது. மக்களுள் கறுப்பினத்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். ஐந்தாம் வட்டம் ஒருமனதாக வாக்களித்தாலும், அவ்வாக்கு மாவட்டம் என்னும் பேரேரியில் கரைத்த உப்புப் போலாயிற்று. பன்னிரண்டு இடத்தில் ஒன்றேனும் அம்மக்களுக்குக் கிட்டாமற் செய்ய எவரும் அவர்களை வாக்குச்சாவடியில் தடுக்க வேண்டியதில்லை. எல்லைக்கோடே அவ்வேலையைச் செய்தது.

கோடு மாறியது

மேலவையின் நிலை இன்னும் விந்தையானது. எவ்வளவு பெரிய மாவட்டமாயினும் ஒரே மேலவை உறுப்பினர்தான் என்று மாநில அரசியற்சட்டம் வரம்பு கட்டியிருந்தது. 1960-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி டெக்சாசின் மக்கள்தொகை ஏறத்தாழ 95 லட்சத்து 80 ஆயிரம்; ஹாரிஸ் மாவட்டத்தில் மட்டும் 12 லட்சத்து 43 ஆயிரம் பேர். எட்டில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மக்களுக்கு 31 இடங்களில் ஓரிடம்!

1962-இல் தொகுதிச் சீர்கேடுகளை நீதிமன்றம் ஆராயலாம் என்றும், 1964-இல் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் மக்கள்தொகை அடிப்படையிலேயே அமைதல் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1965-இல் டெக்சாஸ் தன் தொகுதிகளைத் திருத்தி வரைந்தது. ஹாரிஸ் மாவட்டத்துக்கு மேலவையில் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அவற்றுள் 11-ஆம் தொகுதியில் ஐந்தாம் வட்டமும், மெக்சிக்கோ வழியினரும், தொழிற்சங்கத்தைச் சார்ந்த வெள்ளையரும் அடங்கினர். முன்னைய இரு தேர்தல்களிலும் ஜோர்டனுக்கு வாக்கை வாரி வழங்கிய பகுதிகள் பல இதனுள் வந்திருப்பதை அவர் கண்டுகொண்டார். 1966 பிப்ரவரியில் தலைவரியும் கூட்டாட்சி நீதிமன்றத்தால் செல்லாததாயிற்று. இரண்டாம் கதவும் திறந்தது.

மூன்றாம் தேர்தல்

1966-ஆம் ஆண்டு முதனிலைத் தேர்தலில் ஜோர்டனை எதிர்த்தவர் ஜே. சி. விட்ஃபீல்ட். அவர் கீழவையில் உறுப்பினராக இருந்தவர். முற்போக்கு எண்ணம் உடையவர் என்று பெயர் பெற்றவர். எனவே பழைமைக்கும் புதுமைக்கும் இடையே நடந்த எளிய போர் என்று இதனைக் கருதுதல் பிழை. தம்மையும் மக்கள் நண்பரெனச் சொல்லிக்கொண்ட ஒருவர், வெள்ளையர் இத்தொகுதியில் வெல்லவே இயலாதா என்னும் பொருள்பட வினாத் தொடுத்தார். நூற்றாண்டுக் காலம் தம்மவர் வெல்ல முடிந்ததா என்று எண்ணிப் பார்க்கச் செய்து, இம்முறை இயலாது என்னும் பொருளில் ஜோர்டன் விடையிறுத்தார். பேச்சோடு நில்லாமல், எந்தப் பெயரை எவ்வாறு தெரிந்து வாக்களிப்பது என்று காட்டும் மாதிரிச் சீட்டுகளை வாக்காளர் இல்லங்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வென்றார்.

1967 ஜனவரியில் அவர் பதவியேற்றபொழுது, 1883-க்குப் பின் டெக்சாஸ் மேலவையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவரானார். முப்பத்தொருவருள் பெண்ணும் அவர் ஒருவரே. மாநிலத்தின் முதற் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நிறைவேற முன்னின்று உழைத்தார். 1972-இல் அவ்வவையே அவரைத் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

மீண்டும் ஒரு கோடு

வெற்றியின் புகழோடு கட்டுரையை நிறுத்துதல் எளிது. வரலாறு அங்கு நிற்கவில்லை. 1971-இல் தொகுதிகள் மறுபடியும் வரையப்பட்டன. அப்பணியில் ஜோர்டனுக்கும் பங்கு இருந்தது. ஹூஸ்டனில் நாடாளுமன்றத்துக்கு ஏற்றதொரு தொகுதி உருவாயிற்று; அவருடைய பழைய மேலவைத் தொகுதியோ கறுப்பினத்தவர் எளிதில் வெல்ல இயலாதவாறு மாறியது. தம் உயர்வுக்காக மக்களின் இடத்தை விட்டுக்கொடுத்தார் என்று கர்ட்டிஸ் கிரேவ்ஸ் குற்றம் சாட்டினார். 1966-இல் ஜோர்டனோடு வென்று கீழவை புகுந்தவர் இவர். 1972-இல் கிரேவ்ஸ் அவரையே எதிர்த்து நின்று பெருந்தோல்வி அடைந்தார். வாக்காளர் தீர்ப்பு அதுவாயினும், அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஜோர்டன் விலகிய பின், 1983 வரை டெக்சாஸ் மேலவையில் கறுப்பினத்தவர் எவரும் அமரவில்லை. ஒருவரை ஏற்றிய கோடே அவர்பின் வருவோரை இறக்கவும் வல்லது.

மறுபுறம், தென்னாட்டிலிருந்து நாடாளுமன்றம் புகுந்த முதற் கறுப்பினப் பெண்மணியான அவர், 1975-இல் வாக்குரிமைச் சட்டத்தின் பாதுகாப்பை டெக்சாசுக்கும், மெக்சிக்கோ வழியினர் போன்ற பிறமொழிச் சிறுபான்மையினருக்கும் விரிவாக்க உழைத்து வெற்றி கண்டார். தமக்கு நேர்ந்ததைப் பொதுச் சட்டமாக்கிய செயல் இது. இடையில், 1973-இல் உச்ச நீதிமன்றமும் டெக்சாசின் டாலஸ், பெக்ஸர் மாவட்டங்களில் பல உறுப்பினரை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் முறை சிறுபான்மையினர் வாக்கை வலுவிழக்கச் செய்வதாகக் கண்டு அதனை விலக்கியது. 1962-இலும் 1964-இலும் ஒரு தனிமனிதரின் தோல்வியாக எண்ணப்பட்டது, அமைப்பின் குற்றம் என்று சட்டத்தின் வாயாலேயே உறுதியாயிற்று.

முடிபு

1974 ஜூலை 25 அன்று, குடியரசுத் தலைவர் நிக்சனைப் பதவி நீக்கும் தீர்மானத்தை ஆராய்ந்த நாடாளுமன்ற நீதிக்குழுவில் ஜோர்டன் ஆற்றிய உரையை அந்நாடு முழுதும் தொலைக்காட்சியில் கேட்டது. அரசியற்சட்டம் எழுதப்பட்ட நாளில் தம்போன்றோர் அதன் மக்களுள் எண்ணப்படவில்லை என்று நினைவூட்டிவிட்டு, அச்சட்டத்தின்மீது தாம் கொண்ட பற்று குறைவற்றது என்று அவர் நிலைநாட்டினார். 1996 ஜனவரி 17 அன்று அவர் மறைந்தபின்னும் பேசப்படுவது அவ்வுரை.

அக்குரல் 1962-இலும் அதே குரல்தான். அன்று அதனைக் கேட்டோர் கைதட்டினர். அதனை நம்பியோரின் வாக்கு கரைந்தது. சொல் மக்கள் நெஞ்சைச் சென்று சேரும். நெஞ்சிலிருந்து அவைக்குச் செல்லும் வழியை நிலப்படத்தில் வரையும் கை வேறொருவருடையதாய் இருக்கலாம். அக்கை எவருடையது, அது எதன்பொருட்டு வரைகின்றது என்று கேட்டறிதலும் சொல்லை ஆள்வோரின் கடமையே.