நீலகிரி மலை ரயில்: சரிவும் முடுக்கமும்

நீலகிரி மலை ரயில் பாதை மேட்டுப்பாளையத்தையும் உதகமண்டலத்தையும் இணைக்கும் 46 கி.மீ. நீள மீட்டர் கேஜ் பாதையாகும். பள்ளி இயற்பியலில் வரும் முடுக்கம், இறுதித் திசைவேகம் ஆகிய இரண்டையும் விளக்க இப்பாதையின் வரலாறு நல்ல சான்று.

வரலாறு

இப்பாதை அமைக்கும் திட்டம் 1854-இல் முன்வைக்கப்பட்டது. மலைச்சரிவு பெருந்தடையாக இருந்ததால் 1891-இல்தான் பணி தொடங்கியது. 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

சரிவு தரும் முடுக்கம்

கல்லாறு - குன்னூர் இடையே பாதை மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது. எனவே புவியீர்ப்பு முடுக்கத்தில் (9.8 மீ/வி²) பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.82 மீ/வி², வண்டியைச் சரிவின் வழியே கீழே இழுக்கிறது. சாய்தளத்தில் உருளும் பந்துகளைக் கொண்டு கலிலியோ ஆராய்ந்ததும் இத்தகைய இயக்கத்தையே.

இப்பகுதியில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 13 கி.மீ., அதாவது 3.6 மீ/வி. இவ்வேகத்தில் இறங்கும் பெட்டி ஒன்று எப்பிடிப்பும் இன்றி 100 மீட்டர் உருள்வதாகக் கொள்வோம். உராய்வைக் கணக்கில் கொள்ளவில்லை.

இறுதித் திசைவேகத்தின் வர்க்கம் = தொடக்கத் திசைவேகத்தின் வர்க்கம் + 2 × முடுக்கம் × தொலைவு
= (3.6)² + 2 × 0.82 × 100
= 13 + 164 = 177

இறுதித் திசைவேகம் = 13.3 மீ/வி (மணிக்குச் சுமார் 48 கி.மீ.)

காலம் = திசைவேக மாற்றம் ÷ முடுக்கம் = (13.3 − 3.6) ÷ 0.82 = சுமார் 12 வினாடி

பன்னிரண்டே வினாடியில் வேகம் மூன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. மாணவர்கள் கி.மீ./மணி அளவை முதலில் மீ/வி ஆக மாற்ற மறக்கக்கூடாது, 3.6 ஆல் வகுத்தால் போதும்.

பல்சக்கர அமைப்பு

வழவழப்பான இரும்புச் சக்கரம் இச்சரிவில் வழுக்கும். இதற்குத் தீர்வாக, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இங்கே கையாளப்பட்டது. தண்டவாளங்களின் நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் உள்ளன. ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக அமைவதால் எஞ்சினின் பல்சக்கரப் பிடி எக்கணமும் விடுபடுவதில்லை. எஞ்சின் எப்போதும் பெட்டிகளின் கீழ்ப்புறத்திலேயே இருக்கும்; ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். பெட்டிகளில் பிரேக் போடும் பணியாளர்களும் உண்டு.

பல்சக்கரமும் பிரேக்கும் சரிவின் இழுப்பைச் சமன் செய்வதால் முடுக்கம் சுழியாகிறது. முடுக்கம் சுழியானால் இறுதித் திசைவேகமும் தொடக்கத் திசைவேகமும் ஒன்றே. மலை ரயில் மெதுவாகச் செல்வதன் காரணம் இக்கணக்கில் அடங்கியுள்ளது.