உரக்கடையும் யூஎஸ்பி தொடுதிரையும் - ஒரு குட்டி வரலாறு

போன சம்பா சீசன்ல பாபநாசம் பக்கம் மாமாவோட உரக்கடைக்குப் போயிருந்தேன். யூரியாவுக்கு வாசல் வரைக்கும் கூட்டம். மாமா பில் போடுற டச் மானிட்டரைக் குத்து குத்துன்னு குத்துறார், அசையலை. "மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதைக் கொஞ்சம் பாரு" ன்னார்.

கம்ப்யூட்டரைப் புதுசா மாத்தியிருக்காங்க. யூஎஸ்பில பேனல் சொருகியிருக்குன்னு தெரியுது. ஆனா தொட்ட செய்தி ஒண்ணும் வரலை. இது ஏன்னு புரிய கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

1965-லேயே இங்கிலாந்துல ஈ.ஏ. ஜான்சன் தொடுதிரையைப் பத்திக் கட்டுரை எழுதிட்டார். பிற்பாடு கடைகளுக்கு வந்த திரைகள் சீரியல் போர்ட்ல பேசுச்சு. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. மைக்ரோடச் கண்ட்ரோலருக்கு முன்னாடி ஒரு குறி, நடுவுல 'ஆர்'ங்கிற எழுத்து, கடைசில ஒரு குறி அனுப்பினா ரீசெட் ஆகிடும். அவ்ளோதான்!

1996-ல யூஎஸ்பி வந்துச்சு. அதை உருவாக்கினவங்கள்ல முக்கியமானவர், பரோடாவுல படிச்ச அஜய் பட். இதுல எந்தக் கட்டளையும் 8 பைட் பாக்கெட்ல ஆரம்பிக்கும்: யாருக்கு, எந்த எண், என்ன மதிப்பு, எவ்வளவு நீளம்னு. முதல் பைட்லேயே கட்டளை மூணு ஜாதியாப் பிரியும். எல்லாருக்கும் பொதுவானது, ஒரு வகைச் சாதனத்துக்குப் பொதுவானது, மூணாவது கம்பெனியோட சொந்த இஷ்டம்.

வம்பு அந்த மூணாவதுலதான். விரல் எங்கே பட்டுச்சுன்னு சொல்ற முறையைப் பொதுவாக்கிட்டாங்க. ஆனா "கண் முழி", "அளவு சரி பண்ணு", "புது ஃபர்ம்வேர் வாங்கிக்கோ"ங்கிற கட்டளை எல்லாம் பெரும்பாலும் கம்பெனி பெட்டிக்குள்ளதான். மேட்டூர்ல திறந்த தண்ணி கல்லணை தாண்டி வந்தும், நம்ம வாய்க்கால் ஷட்டர் சாவி வேற ஆள்கிட்ட இருக்கிற கதை.

மைக்ரோடச்சோட சாவி வெளில வந்துச்சு. 2001-ல அந்தக் கம்பெனியை த்ரீ எம் வாங்கிடுச்சு. லினக்ஸ்ல இருக்கிற டிரைவர் கோடை யாரும் படிக்கலாம். 7-ஆம் எண் கட்டளை ரீசெட். 150 மில்லிசெகண்ட் பொறுத்து, 1-ஆம் எண் கட்டளையால "தொட்டா சொல்லு"ன்னு கேட்கும். மறுத்தா மொத்தம் மூணு தடவை வரைக்கும் கேட்டுப் பார்க்கும். அன்னிக்கு 'ஆர்'னு போனதுதான் இன்னிக்கு 7.

மாமா பேனல் வேற கம்பெனி, பேர் வேண்டாம். புது சிஸ்டத்துக்கு டிரைவர் இல்லைன்னுட்டாங்க. எண்ணை ஊகிச்சு அனுப்பிப் பார்க்கலாமான்னு கை பரபரத்துச்சு. அனுப்பலை. தெரியாத எண் ஒண்ணு ஃபர்ம்வேரையே அழிச்சாலும் அழிச்சிடும். நடுவுல கரண்ட் போனா அதுக்கப்புறம் அது வெறும் கண்ணாடி. நம்ம ஊர்ல கரண்டை நம்பி அந்த ரிஸ்க் எடுக்க முடியுமா? :-)

மவுஸ் ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன். திரை நல்லாத்தான் இருக்கு, விரலும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல ரெண்டு எண் தெரியலை. நாம எழுதுற சாதனத்துக்காவது அந்த ரெண்டு எண்ணை எங்கேயாவது எழுதி வச்சிட்டுப் போவோம் மக்களே.