பாதி அழுத்தம் என்று ஒன்று இருந்தது

பட்டன் என்றால் அழுத்தினால் ஆன், விட்டால் ஆஃப். இவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் மேலே படியுங்கள்.

2000 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. கூடவே வந்த டூயல்ஷாக் 2 கன்ட்ரோலரில் ஸ்டார்ட், செலக்ட் மாதிரி சிலவற்றைத் தவிர மற்ற பட்டன்கள் எல்லாம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதையும் அளந்தன. 0 முதல் 255 வரை மதிப்பு.

உள்ளே பெரிய மாயமில்லை. பட்டனுக்கு அடியில் கரி கலந்த ரப்பர் குமிழ், அதற்குக் கீழே தடங்கள் அச்சடித்த மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம். லேசாகத் தொட்டால் குமிழின் நுனி மட்டும் படும். அமுக்கினால் சப்பையாகி அதிக இடத்தில் படும், மின்தடை குறையும். அந்தக் குறைவைத்தான் சிப் எண்ணாக மாற்றுகிறது. ஐந்து ரூபாய் ரப்பரில் என்ன ஒரு யோசனை!

விளையாட்டுக்காரர்களும் இதை விடவில்லை. 2001-ல் வந்த கிரான் டூரிஸ்மோ 3-ல் பட்டன் அழுத்தமே ஆக்ஸிலரேட்டர். அதே வருட மெட்டல் கியர் சாலிட் 2-ல் குறிபார்த்துவிட்டு பட்டனைச் சட்டென்று விட்டால் குண்டு பாயும். மெதுவாக விட்டால் துப்பாக்கியைச் சுடாமல் தாழ்த்தலாம். 2004-ல் வந்த மூன்றாம் பாகம் இன்னும் மோசம். எதிரியைப் பிடித்தபின் லேசாக அழுத்தினால் பிடி தொடரும், அமுக்கினால் கழுத்து போச்சு :-)

பழைய விளையாட்டுப் பைத்தியமான என் பையன் செகண்ட் ஹேண்டில் ஒரு கன்ட்ரோலர் வாங்கினான். யாரோ மாற்றியமைத்தது, பெரிய ஆர்கேட் பட்டன்கள் வைத்தது. "அப்பா, துப்பாக்கியை இறக்கவே முடியல, விட்டா சுட்டுடுது" என்றான். டிஸ்க்கைத் துடைத்தோம், பலனில்லை. நண்பர் வீட்டு ஒரிஜினல் கன்ட்ரோலரை மாட்டினால் ஒழுங்காக இறங்கியது. ஆக, டிஸ்க், மெஷின் இரண்டும் குற்றவாளி இல்லை. கழற்றிப் பார்த்தால் ரப்பரும் இல்லை, ஃபிலிமும் இல்லை. சாதா ஸ்விட்சுகளை ஒயர் இழுத்து சால்டர் செய்திருக்கிறார்கள். ஸ்விட்சுக்கு 0, 255 மட்டும்தான் தெரியும், நடுவில் எதுவும் கிடையாது. விரலை எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் விளையாட்டுக்கு அது திடீரென்று விட்ட மாதிரிதான். பழுதே இல்லாததைப் பழுது பார்க்க முடியுமா? சண்டை விளையாட்டுக்கு அது அருமையான சாமான், அதற்கென்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தயாரிப்பாளர்களே பின்னால் இந்தப் பாதி அழுத்தத்தைக் கைவிட்டார்கள். 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் இருந்தது, 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது போய்விட்டது. சோனி பிளேஸ்டேஷன் 3 வரை இழுத்தது. 2013-ல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது எல்2, ஆர்2 இரண்டில் மட்டும் மிச்சம்.

வீட்டுப் பரணில் பழைய டூயல்ஷாக் 2 கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரான் டூரிஸ்மோ 3 போட்டு எக்ஸ் பட்டனை மெல்ல மெல்ல அழுத்துங்கள். கார் படிப்படியாக வேகமெடுத்தால் ஃபிலிமும் ரப்பரும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.