24 டிகிரியும் அப்பாவின் துண்டும்

மே மாசக் கடைசியில் ஒரு ராத்திரி தண்ணி குடிக்க எழுந்து ஹாலுக்கு வந்தேன். ஃபேனுக்குக் கீழே தரையில் துண்டை விரித்து அப்பா படுத்திருந்தார். மணி 3. குர்காவ்ன் வெக்கை எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ரூமில் புது ஏசி, அதுவும் வைஃபை ஏசி. ஆள் இருக்கிறதைப் பார்த்துக் குளிரைக் கூட்டும், குறைக்கும், நம் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் என்றெல்லாம் கடைக்காரர் சொல்லி விற்றது.

அதுக்கு முன்னாடி ஒரு மாசமாகவே என் போனில் ஒரு கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. அப்பா ரூம் ஏசி தினமும் ராத்திரி 2 மணி வாக்கில் 'தொடர்பில் இல்லை' என்று காட்டும். காலையில் சரியாகிவிடும். வோல்டேஜ் பிரச்சினை என்று நினைத்து இரண்டு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவரும் இரண்டு தடவை வந்து, கவரைக் கழற்றி மாட்டி, காசு வாங்கிக்கொண்டு போனார். நான் பொறியியல் படித்தவன் என்பதை இந்த இடத்தில் வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். :-)

"ஏம்ப்பா இங்க படுத்திருக்கீங்க?"

"குளுருதுப்பா. ரிமோட்டுல அமத்துனா கொஞ்ச நேரத்துல திரும்ப அதுவா வந்துருது. அதான் செவத்துல சுவிட்ச அமத்திட்டு இங்க வந்துட்டேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ ஆசையா வாங்கி மாட்டியிருக்க. எதுக்குச் சொல்லிக்கிட்டு."

அம்மா போன பிறகு கோவில்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தவர். ஒரு மாசமாக ராத்திரித் தூக்கம் இல்லை. அது எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஏசிக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாளிலிருந்து இந்தச் சாமான் எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியை முதலில் செய்தவர்களில் ஒருவர் கார்னேலியஸ் டிரெபெல். டச்சுக்காரர், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருந்தவர். பாதரசம் சூட்டில் விரிந்து ஏறும், அது அடுப்புக்குப் போகும் காற்றைக் குறைக்கும். குளிர்ந்தால் இறங்கும், காற்று கூடும். எதற்கு இவ்வளவு பாடு? கோழி முட்டை பொரிக்க. ஆக, முதல் வாடிக்கையாளர் முட்டை.

'தெர்மோஸ்டாட்' என்ற பேரை வைத்தவர் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர். 1830-இல் காப்புரிமை வாங்கினார். இரண்டு வேறு உலோகப் பட்டைகளை ஒட்டி வைத்தால், சூடு ஏறும்போது ஒன்று அதிகமாக நீளும், இன்னொன்று குறைவாக நீளும், பட்டை வளையும். அந்த வளைவே ஒரு வால்வைத் திறக்கும், மூடும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது இதே சங்கதிதான். யூர் இதை நினைத்தது பஞ்சாலைகளுக்காக. இதே மனிதர் 1835-இல் ஆலை முறையைப் புகழ்ந்து ஒரு புத்தகமே எழுதினார். ஆலையில் பிள்ளைகள் வேலை பார்ப்பதைக்கூட அதில் அவர் தப்பாகச் சொல்லவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கோவில்பட்டியில் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சிரித்தார். "எங்க மில்லுலயும் பெரிய பிளான்ட் வச்சு ஈரக்காத்து அனுப்புவான். நமக்குன்னு நெனச்சியா? காத்து காஞ்சா நூலு அறுந்துபோவும். நாம வேர்த்து ஊத்திக்கிட்டு நிப்போம், நூலு சொகமா இருக்கும்." முட்டைக்கு அடுத்தபடியாக நூல்!

மனுஷன் எப்போது வந்தான் என்றால், அமெரிக்காவில். விஸ்கான்சின் மாநிலம் வைட்வாட்டரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். அங்கே குளிர்காலத்தில் ஒரு பணியாளர் வகுப்பு வகுப்பாக நுழைந்து சூட்டைப் பார்ப்பார், பிறகு அடித்தளத்துக்கு இறங்கிப் போய் உலைக்காற்றைக் கூட்டிக் குறைப்பார். பாடம் நடுவில் இந்த வருகை ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. அறையிலிருந்தே கீழே மணியடித்துச் சொல்லும் மின்சாரத் தெர்மோஸ்டாட்டைச் செய்து 1883-இல் காப்புரிமை பெற்றார். யோசித்துப் பாருங்கள், அதுவரை சூடு கூடினாலும் குறைந்தாலும் சொல்வதற்கு ஒரு ஆள் இருந்தார். கதவைத் தட்டிக்கொண்டாவது வந்தார். 1885-இல் மினியாபொலிஸில் ஆல்பர்ட் பட்ஸ், நிலக்கரி உலையின் காற்றுக் கதவைத் தானே தூக்கி இறக்கும் பொறியைச் செய்தார். கீழே போய்ப் பார்க்கும் வேலையும் போயிற்று. பட்ஸின் கம்பெனி பல கை மாறி ஹனிவெல் ஆனது. 1953-இல் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த வட்ட வடிவத் தெர்மோஸ்டாட் அமெரிக்க வீட்டுச் சுவர்களில் குடியேறியது. திருகினால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். என் கட்சி அந்த வட்டம்தான், அதைவிட நல்ல சாமானை இந்த வரிசையில் நான் பார்க்கவில்லை.

அப்புறம் அரசாங்கம் வந்தது. 1977 பிப்ரவரியில் ஜிம்மி கார்ட்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிவியில் தோன்றி, பகலில் 65 ஃபாரன்ஹீட், ராத்திரி 55 வைத்துக்கொள்ளுங்கள் என்றார் (நம் கணக்கில் 18, 13). எரிபொருள் தட்டுப்பாடு. பிறகு மணிக்கணக்கு போட்டு வைக்கும் தெர்மோஸ்டாட்கள் வந்தன. அவற்றுக்கு 1995 முதல் கொடுத்துவந்த எனர்ஜி ஸ்டார் முத்திரையை 2009 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். பலர் அதில் நேரமே போட்டு வைக்கவில்லை, எதிர்பார்த்த மிச்சமும் நிரூபணமாகவில்லை. சரி, மனுஷன் போடவில்லை என்றால் இயந்திரமே கற்றுக்கொள்ளட்டும் என்று 2011-இல் டோனி ஃபடெல் குழு கொண்டுவந்ததுதான் நெஸ்ட். 2014-இல் கூகுள் 320 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த முதல் மாடல்களை போனிலிருந்து இயக்கும் வசதியை 2025 அக்டோபரில் நிறுத்தியும்விட்டது. 2021 ஜூனில் டெக்சாஸில் இன்னொரு கூத்து. மின் தட்டுப்பாட்டின்போது சிலருடைய வீட்டுத் தெர்மோஸ்டாட்டைத் தூரத்திலிருந்தே ஏற்றிவிட்டார்கள். அவர்கள் ஏதோ பரிசுத் திட்டத்தில் சேரும்போது அதற்குச் சம்மதம் கொடுத்திருந்தார்கள். பலருக்கு அது ஞாபகமே இல்லை.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே வீட்டைச் சூடாக்கும் உலை கிடையாது, அதனால் சுவரில் தெர்மோஸ்டாட்டும் கிடையாது. டெல்லிப் பக்கம் வெட்டிவேர்த் தட்டி, பிறகு கூலர். நான் வந்த புதிதில் வாடகை வீட்டில் இருந்த ஜன்னல் ஏசியில் டிகிரியே கிடையாது, 1 முதல் 7 வரை ஒரு குமிழ்தான். ரிமோட் வந்த பிறகுதான் டிகிரி எங்கள் வீட்டுக்குள் வந்தது, கூடவே சண்டையும். தங்கமணி 26, நான் 22, பையன் 18!

2018-இல் மின்துறை அமைச்சகம் 24 வையுங்கள், ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்றது. 2020 ஜனவரி 1 முதல் விற்கிற அறை ஏசிகள் போட்டவுடன் 24-இல் தொடங்க வேண்டும் என்று விதியே வந்தது. 2025 ஜூனில் மத்திய அமைச்சர் மனோகர் லால், 20-க்குக் கீழேயும் 28-க்கு மேலேயும் போகாதபடி ஏசிகளைக் கட்டுப்படுத்தும் திட்டம் இருப்பதாக அறிவித்தார். மின்சாரக் கணக்குக்கு இதெல்லாம் நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அப்பாவின் உடம்புக்கு 24 கணக்கு ஆகாது.

இதுவும் புதுசு இல்லை. ரூர்க்கியில் மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஷர்மா, அலி இருவரும் இந்தியர்களை வைத்தே ஆராய்ந்து 1986-இல் வெளியிட்டார்கள். கோடையில் நம்மவர்களுக்குச் சௌகரியம் 25 முதல் 30 வரை, மிகவும் பொருத்தம் 27.5. அதே மாதிரி, அலுவலகங்களில் உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு 1960-களில் 40 வயது, 70 கிலோ ஆண் ஒருவரின் உடல்சூட்டை வைத்துப் போடப்பட்டது என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆபீஸில் பெண்கள் சால்வையோடு உட்கார்ந்திருப்பதற்கு விளக்கம் கிடைத்ததா? வயதானவர்களுக்கும் உடம்பு சூடு உண்டாக்குவது குறைவு. போதாததற்கு, ஸ்பிளிட் ஏசியின் சென்சார் கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே நிற்கும் சூட்டுக் காற்றை அளந்து 24 ஆகவில்லை என்று ஓடிக்கொண்டே இருக்கும், கீழே கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு நடுக்கம்.

அவர் அமர்த்தியும் அது திரும்ப வந்ததற்குக் காரணம் நான்தான். வாங்கின அன்றைக்கே ராத்திரி முழுக்க 23 என்று போனில் நேரம் போட்டு வைத்தது நான். இயந்திரம் என் பேச்சைக் கேட்டது, அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் சொன்னாலாவது நான் கேட்டிருப்பேனா?

நேரக் கணக்கை அழித்தேன். அப்பா ரூமை என் போனிலிருந்தே எடுத்துவிட்டேன். ரிமோட்டில் இரண்டே பொத்தான் மட்டும் தெரியும்படி மற்றதையெல்லாம் தங்கமணி வெள்ளை டேப் ஒட்டி மறைத்தாள். இப்போது 28, ஃபேன் மெதுவாக. நடு ராத்திரியில் எப்போது அமர்த்துகிறார் என்று எனக்குத் தெரியாது.

"தூங்குனீங்களாப்பா?" என்று காலையில் காப்பி கொடுக்கும்போது கேட்கிறேன். "ம்... 4 மணி வரைக்கும்" என்கிறார்.