வில்லுக்கு மேலும் கீழும்



இராஜபாளையம் வட்டாரத்தில் மாட்டு வண்டிகள் மலிந்திருந்த நாளில் பஞ்சுப் பொதியைச் சுமந்தது பார வண்டி; மனிதரைச் சுமந்தது வில் வண்டி. பார வண்டியின் சட்டம் அச்சின்மேல் நேரே அமர்ந்திருக்கும். வில் வண்டியிலோ, இரண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு ஒன்று உண்டு. அதுவே வில். சக்கரம் கல்லில் ஏறினால் வில் வளைந்து கொடுக்கும். கூண்டு அவ்வளவு எழும்பாது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டமும் விரைவில் அடங்கிவிடும். இக்கால மின்சார மலை மிதிவண்டியின் பின்புறத்தில் காணும் அமைப்பு இவ்வில்லுக்கு நெருங்கிய உறவுதான்.

மிதிவண்டிக்கு வில் பூட்டும் எண்ணமும் புதிதன்று. 1885-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ‘விப்பெட்’ என்னும் வண்டி தோன்றிற்று. இருக்கை, மிதிகட்டை, கைப்பிடி மூன்றையும் ஒரே அமைப்பாகப் பிணைத்து, அதனை வில்லால் தாங்கினார்கள். நுட்பமான வேலை! ஆனால் 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்து டன்லப் காற்றடைத்த டயரை மிதிவண்டிக்குப் பொருத்தினார். சாலையின் சிறு மேடுபள்ளங்களை டயரே விழுங்கிவிடவே, வில் பூட்டிய சட்டம் வழக்கொழிந்தது. பிற்காலத்தில் நம் ஊர்த் தெருக்களில் ஓடிய ஹெர்குலிஸ் வண்டியிலும் வில் இருந்தது இருக்கையின் அடியில் மட்டுமே.

மிதிவண்டி சாலையை விட்டு மலையேறியபோதுதான் பழைய எண்ணம் உயிர்பெற்றது. 1970-களில் கலிபோர்னிய இளைஞர்கள் மலைச்சரிவுகளில் வண்டியை இறக்கினர். 1990-களில் பின்வில் கொண்ட வண்டிகள் பரவின. சரிவில் துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழுந்தால் பிரேக் பிடித்தும் பயனில்லை. ஆகவே உடம்பு நோகாமல் காப்பதோடு, சக்கரத்தைத் தரையில் நிறுத்தி உயிரைக் காப்பதும் வில்லின் கடமையாயிற்று.

பின் சக்கரத்தைத் தாங்கும் கவை நடுச் சட்டத்தோடு ஒரு கீலில் இணைந்து மேலும் கீழும் அசையும். இரண்டுக்கும் இடையே சுருள்வில்லோ அடைத்த காற்றோ இருக்கும். அழுந்திய வில் துள்ளித் திரும்பாதபடி, உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருங்கிச் சென்று வேகத்தைத் தணிக்கும். வில் வண்டியில் பட்டைகளின் உராய்வு செய்த வேலை அது.

இனி, மின்மோட்டாரை எங்கே வைப்பது? பின் சக்கரத்தின் குடத்தில் வைத்தால் அதன் எடை முழுவதும் வில்லுக்குக் கீழே சேரும். கனத்த சக்கரம் ஒரு கல்லில் மோதி எழும்பினால் விரைந்து தரைக்குத் திரும்பாது. மிதிகட்டை அச்சின் அருகே, நடுச் சட்டத்தில் வைத்தால் அவ்வெடை வில்லுக்கு மேலே போய்விடும். நல்ல மலை வண்டிகளில் பெரும்பாலும் இவ்வாறே வைக்கிறார்கள். வில் வண்டியின் கனத்த மரச்சக்கரமும் இரும்புப் பட்டாவும் வில்லுக்குக் கீழேதான் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் மாடு ஓட்டமெடுத்தால், வில்லிருந்தும் கூண்டு குலுங்கியதற்கு அது ஒரு காரணம்.